சாயப்பட்டறைக்கு வந்த கிரேக்கச் சொல்

1. கை நனைக்காத காலை

அன்று காலை முனிரத்தினம் கையை நனைக்கவில்லை.

சாய வேலை தெரியாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பட்டுக்குச் சாயம் ஏற்றுவதில் பாதி வேலை தண்ணீருடையது. தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால் சோப்பு நுரைக்காது, பட்டின் மேல் இருக்கும் பிசின் போகாது, சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதனால் எங்கள் பட்டறையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், கிணற்றிலிருந்து இறைத்த முதல் வாளியில் தலைமைச் சாயக்காரர் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை விடுவார். ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்ப்பார். "ஆவட்டும்" என்பார். அதற்குப் பிறகுதான் தொட்டிக்குத் தண்ணீர் போகும். இதற்குக் கை நனைப்பது என்று பெயர். காய்ச்சலாக இருந்தாலும் வீட்டில் துக்கமாக இருந்தாலும், வேலைக்கு வந்த சாயக்காரர் இதைச் செய்யாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

முனிரத்தினம் என் பட்டறையின் தலைமைச் சாயக்காரன். அரக்கு நிறத்தில் அவனை அடிக்க ஆரணியில் ஆள் கிடையாது. நானும் அவனும் ஒரே நாளில் கூலிக்குச் சேர்ந்தவர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன். நான் விறகு சுமந்து, தொட்டி கழுவி, சாயப் பொடியின் பெயரை டின்னின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து அடையாளம் வைத்து, சொந்தமாக ஒரு பட்டறை போட்டேன். ஆறு தொட்டி வரைக்கும் வளர்த்தேன். என் பட்டறையில் சாயம் ஏறிய பட்டு இல்லாமல் இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு கல்யாண சீசன் நடந்ததில்லை என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதைக் கட்டிக் காத்த கை முனிரத்தினத்தின் கை. நாலு பேர் எதிரில் என்னை மொதலாளி என்பான். தனியாக இருந்தால் "யோவ் கோபாலு"தான்.

எழுபதுகளின் கடைசி அது. அந்தக் காலை, வாளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு நின்றான்.

"தண்ணி நல்லாத்தான் கீது. ஊத்துங்கப்பா" என்றான்.

"நீ தொடாமயே தெரிஞ்சிடுச்சா?" என்றார் ஒரு ஆள். "வாசனையிலயே உப்பு பாக்குறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்துத் தொட்டிக்காரன் விளையாட்டாக வாளியிலிருந்து ஒரு கை அள்ளி அவன் மேல் தெளித்தான். முனிரத்தினம் "ஐயோ" என்று கத்தி இரண்டடி பின்னால் குதித்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. கம்முனு இரு."

எனக்கு அன்று மாலை பெங்களூருக்கு பஸ். கச்சாப் பட்டு வாங்கப் போக வேண்டும். காலையில் ஏதோ மனஸ்தாபம், மாலைக்குள் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2. சீதாபதி சொன்ன பெயர்

நான் ஊரில் இல்லாத நேரத்தில் நடந்ததைப் பிறகு பல பேர் வாயால் கேட்டுச் சேர்த்து எழுதுகிறேன்.

மூன்று நான்கு மாதங்களுக்கு முன்னால், சேத்துப்பட்டு ரோட்டில் சைக்கிளில் வரும்போது முனிரத்தினத்தை ஒரு தெருநாய் கெண்டைக்காலில் கடித்திருந்தது. அந்தக் காலத்தில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பாதி ஊசி போட்டான். வயிறு வீங்கி, வேட்டி கட்ட முடியாமல், "நாயி கடிச்சது கால்ல, இவன் வயித்த குத்திகினு கெடக்குறான்" என்று சொல்லிவிட்டு மீதிக்குப் போகவில்லை. பட்டறையே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆக, நாய் கடித்ததும் ஊசியைப் பாதியில் விட்டதும் ஊருக்கே தெரியும்.

அன்று மாலை நான் பஸ் ஏறிய பிறகு, பட்டறையிலிருந்து டீக்கடைக்குப் போனவர்கள் காலையில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே சீதாபதி உட்கார்ந்திருந்தார். மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். பத்தாவது படித்தவர், தினமும் இங்கிலீஷ் பேப்பர் பார்ப்பவர். கெட்டவர் கிடையாது. காசில்லாதவனுக்குக் கடன் என்றுகூடச் சொல்லாமல் மாத்திரை கொடுப்பார். அவர் கேட்டாராம்:

"தண்ணியப் பாத்து பயந்தானா?"

"பயந்தானாவா? பாம்பு மேல உழுந்தா மாதிரி எகிறினான்."

சீதாபதி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஹைட்ரோபோபியா" என்றாராம்.

யாருக்கும் புரியவில்லை. அவரே விளக்கியிருக்கிறார். "வெறிநாய் கடிச்சி, அது மூளைக்கு ஏறிடுச்சின்னா வர்ற நோயி. ஹைட்ரோன்னா தண்ணி, போபியான்னா பயம். அந்தப் பேரே சொல்லுதே, தண்ணிக்கு பயம்னு. வந்துட்டா அவ்ளோதான். மருந்து கெடையாது."

இதில் எதுவும் பொய் இல்லை. அந்த நோய் அப்படிப்பட்டதுதான், பெயருக்கு அர்த்தமும் அதுதான். ஆனால் அந்தப் பெயர் எதைச் சொல்கிறதோ அதை முனிரத்தினம் செய்தான், அதனால் அவனுக்கு அந்த நோய் என்று டீக்கடை முடிவு செய்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் அந்தச் சொல் பஜாரைத் தாண்டிவிட்டது. தமிழில் 'நாய்க்கடி நோய்' என்று சொல்லியிருந்தால் இரண்டு பேராவது எதிர்த்துப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். இங்கிலீஷில் ஒரு நீளமான பெயர், அதற்குப் பிரித்துப் பிரித்து அர்த்தம் வேறு. யார் மறுத்துப் பேசுவது?

அவன் வீட்டுக்கு ஆட்கள் போனார்கள். சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அவன் மேல் ஊற்றினார்கள். அவன் கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். தண்ணீர் கையில் பட்டதும் அலறினான். அந்த அலறலுக்குப் பிறகு ஊருக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

3. பின்கட்டு அறை

நாலாம் நாள் பட்டு மூட்டையோடு நான் வந்து இறங்கினேன். பட்டறையில் ஒரு அடுப்பும் எரியவில்லை. கிணற்றங்கரையில் யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். முனிரத்தினம் தொட்ட தொட்டிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

விஷயம் கேட்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஏழெட்டு ஆண்கள். பின்கட்டில் நூல் போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. அதற்கு வெளியே பூட்டு. ஜன்னலைச் சாக்கால் மூடியிருந்தார்கள். வெளிச்சமும் காற்றும் ஆகாதாம். கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாகச் சோற்றுத் தட்டை ஒரு கம்பால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் பட்டறைக் கம்பு. தொட்டியில் நூல் கழியை, அதாவது நூல் சுருளை, தொங்கவிட்டுத் திருப்புவோமே, அது. இருபது வருஷம் அவன் கையில் இருந்த கம்பு.

சாவி முனிரத்தினத்தின் மச்சான் ஆறுமுகத்திடம் இருந்தது.

"தொறடா."

"மொதலாளி, நீங்க படிச்சவங்க சொன்னத கேக்கல போல. கடிச்சிட்டான்னா நமக்கும் வரும்."

"யாரையாவது கடிச்சானா?"

"இன்னும் இல்ல."

கதவோரத்தில் முனிரத்தினத்தின் மனைவி லட்சுமி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அங்கிருந்து எழுந்திருக்கவில்லை என்றார்கள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"அண்ணே, அவரு தண்ணி குடிக்கிறாரு. நேத்து இந்த சந்து வழியா சொம்ப வுட்டு, நானே சாய்ச்சி ஊத்துனேன். குடிச்சாரு. சொம்பு முழுசும் குடிச்சாரு. தண்ணிக்கு பயந்தவரு எப்படி குடிப்பாரு? இத நான் இங்க இருக்குற எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பொம்பள சொல்றது யாரு காதுலயும் ஏறல."

"அது வந்து வந்து போவும்னு சீதாபதி சொன்னாரு" என்றான் ஆறுமுகம்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்தில் என்னைவிடக் குறைவாகப் படித்தவர் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் தொழிலில் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். டின்னின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் ஒரு கழி நூலை நனைத்துப் பார்ப்பேன். அந்தப் பழக்கம்தான் என்னை முதலாளி ஆக்கியது. லட்சுமி சொன்னது நனைத்துப் பார்த்தவள் சொன்னது. ஆறுமுகம் சொன்னது டின்னில் எழுதியிருந்தது. சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தேன்.

முனிரத்தினம் மூலையில் உட்கார்ந்திருந்தான். துண்டு கையைச் சுற்றியபடியே இருந்தது.

"யோவ் கோபாலு" என்றான். "பட்டு நல்ல பட்டா வாங்கினியா?"

அவன் தோளைப் பிடித்து எழுப்பினேன்.

4. வேலூருக்கு டாக்ஸி

பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று தெரியும். டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்னால் அங்கே வந்திருந்தது.

"சவாரி வராதுங்க. வண்டியில எது வேணா ஏத்துவேன், இது வேணாம்" என்றான் டிரைவர்.

"நான் அவன் பக்கத்துல ஒட்டி உக்காந்துகினு வர்றேன். கடிச்சா என்னத்தான் மொதல்ல கடிப்பான். நீ முன்னாடி ஜன்னல தொறந்து வெச்சிகினு ஓட்டு. ஏதாவதுன்னா குதிச்சிடு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க அவுருக்கு சொந்தமா?"

"அதுக்கும் மேல. அவன் இல்லன்னா என் பட்டறை நாஸ்தி" என்றேன். அது உண்மையில் பாதிதான். மீதியை டாக்ஸி ஸ்டாண்டில் நின்று சொல்ல எனக்கு வரவில்லை.

பின் சீட்டில் ஒரு பக்கம் லட்சுமி, ஒரு பக்கம் நான், நடுவில் முனிரத்தினம். வழி முழுக்க டிரைவர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு இடத்தில் முனிரத்தினம் தும்மினான். வண்டி ரோட்டை விட்டு ஒரு வேப்பமரம் வரை போய்த் திரும்பியது.

"யப்பா, தும்மல்தான்பா" என்றான் முனிரத்தினம். "இதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு வெச்சிடாதீங்க."

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. ஒரு லேடி டாக்டர் பார்த்தார். நடுவயது, கண்ணாடி, நிதானமான ஆள். நாய் கடித்த கதை, ஊசி பாதியில் விட்ட கதை, வாளி, அலறல் எல்லாவற்றையும் நான் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் வரவழைத்து லட்சுமியிடம் கொடுத்து, "நீங்க குடுங்கம்மா" என்றார். லட்சுமி முனிரத்தினத்தின் வாயில் வைத்துச் சாய்த்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தான்.

"எத்தன நாளா இப்படி இருக்காரு?"

"நாலு நாளுங்க."

"அந்த நோய்னா இந்த நாலு நாளுக்குள்ள எழுந்து உக்காந்து பேசற நெலமையில இருந்திருக்க மாட்டாரு. தொண்டையில தண்ணி எறங்காது." அவனைப் பார்த்தார். "கையக் காட்டுங்க."

அவன் துண்டை இறுக்கிக்கொண்டான்.

"காட்டுடா" என்றேன்.

"வேணாம்யா."

டாக்டர் எழுந்து வந்து, குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போலத் துண்டைப் பிரித்தார். நான் பார்த்தேன். உள்ளங்கை கோடை வயல் போல வெடித்திருந்தது. விரலிடுக்கில் தோலே இல்லை, சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கையில் தண்ணீர் பட்டால் யார்தான் குதிக்க மாட்டார்கள்?

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"கை வெடிச்சவன் தொட்டா நெறம் ஒட்டாதுன்னு நம்ம பட்டறையிலதான சொல்வாங்க. சொன்னா கம்ப வாங்கிடுவ. ஆவணியில பொண்ணுக்கு கல்யாணம் வெச்சிகினு கம்ப வுட்டுட்டு எங்க போவேன்? ஆறிடும்னு பாத்தேன். வூட்லகூட சொல்லல; பூட்டுனப்பறம் சொன்னா யாரு நம்பப் போறாங்க?"

அவன் சொன்னது சரி. அப்படி ஒரு நம்பிக்கை எல்லாப் பட்டறையிலும் இருந்தது. புண்ணை மறைக்கக் கையை மறைத்தான். கையை மறைக்கப் போய்த் தண்ணீரைத் தொடாமல் நின்றான்.

என்ன பொடியெல்லாம் உபயோகிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் வரிசையாகச் சொன்னேன். அந்த வருஷம் கறுப்பு பார்டருக்கு நல்ல கிராக்கி. கறுப்புச் சாயத்துக்கு ஒரு கார மருந்து. நிறம் தப்பிப்போன நூலை வெளுக்க ஹைட்ரோஸ் பொடி. எல்லாவற்றையும் வெறுங்கையால் கரைப்பதுதான் அன்றைக்கு வழக்கம். ஆரணியில் எந்தப் பட்டறையிலும் கையுறை என்ற ஒன்றை நான் பார்த்ததில்லை.

"அந்த மருந்து கையில பட்டுப் பட்டு வந்தது. இதுக்குப் பேரு காண்டாக்ட் டெர்மடைடிஸ்" என்றார்.

5. வால் மட்டும் நின்ற சொல்

எனக்கு வெட்கம் கிடையாது. தெரியாததை யாரிடமும் கேட்டுவிடுவேன். நான் இந்த நிலைக்கு வந்ததே அப்படித்தான். "அதுக்கு அர்த்தம் இன்னாங்கம்மா? எங்க ஊர்ல ஒரு இங்கிலீஷ் பேருக்கு அர்த்தம் சொல்லித்தான் இவன பூட்டி வெச்சாங்க. இந்தப் பேருக்கு அர்த்தம் தெரிஞ்சிகினு போனாத்தான் நான் போய் பேச முடியும்" என்றேன்.

அவர் சிரித்தார். வெளியே கூட்டம் காத்திருந்தும் உட்கார வைத்துச் சொன்னார். ஹைட்ரோபோபியா, டெர்மடைடிஸ் இரண்டுமே பிறப்பில் இங்கிலீஷ் இல்லை, கிரேக்கம் என்றார்.

"டெர்மான்னா தோல். கடைசியில இருக்கற ஐடிஸ் ஒரு வால். கிரேக்கத்துல அதுக்கு நோய்னு அர்த்தமே கெடையாது. 'அதைச் சேர்ந்தது'ன்னு மட்டும்தான் அர்த்தம். மூட்டைச் சேர்ந்த நோய், தோலைச் சேர்ந்த நோய்னு முழுசா சொல்லிட்டு இருந்தாங்க. நாளாக நாளாக நோய்ங்கற வார்த்தைய விட்டுட்டாங்க. வால் மட்டும் நின்னுது. விட்டுப்போன வார்த்தையோட அர்த்தம் அந்த வாலுக்கு ஏறிடுச்சு. இப்ப ஐடிஸ்னாலே வீக்கம், எரிச்சல், புண்ணுன்னு ஆயிடுச்சு."

"தொட்டியில இருக்குற சாயம் நூலுக்கு ஏறுறா மாதிரிங்களா? நல்லா ஏறிடுச்சின்னா தொட்டித் தண்ணி தெளிஞ்சி நிக்கும்."

"அதேதான்" என்றார். அவருக்கு அது பிடித்திருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸிடம் திருப்பிச் சொன்னார். எனக்கு ஒரு பட்டம் வாங்கியது போல இருந்தது.

"போபியா?"

"அது போபோஸ்ங்கற கிரேக்க வார்த்தையிலேர்ந்து வந்தது. பயம்னுதான் சொல்றோம். ஆனா ரொம்பப் பழைய காலத்துல அதுக்குப் பயந்து ஓடறதுன்னு அர்த்தம். சண்டையில ஒருத்தன் ஓடினா கூட்டமே திரும்பிப் பாக்காம ஓடும் பாருங்க, அது. வெறும் மனசுல இருக்கற பயம்ங்கறது பின்னால வந்தது." முனிரத்தினத்தின் கையைக் காட்டிச் சொன்னார்: "இவருக்குப் பயமும் இல்ல, ஓட்டமும் இல்ல. வலி. வலிக்குக் கிரேக்கத்துல தனியா வேற வார்த்தை இருக்கு. அல்கோஸ். அல்ஜியான்னு முடியற நோயெல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான்."

களிம்பு, மாத்திரை, கட்டுத்துணி எழுதிக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நாய்க்கடி ஊசியையும் முதலிலிருந்து முழுசாகப் போடச் சொன்னார். கடைசியில் முனிரத்தினத்தைப் பார்த்து ஒன்று சொன்னார். அதில்தான் அவன் இடிந்து உட்கார்ந்தான்.

"ஆறிடும். ஆனா அந்த மருந்துல கை பட்டா திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் போன தடவைய விட மோசமா வரும். இனிமே சாயத் தொட்டியில கை வெக்கவே கூடாது."

முனிரத்தினம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப அந்தப் பேரே பரவாயில்லீங்கம்மா" என்றான். "அது ஜல்தியா முடிச்சிடும்."

லட்சுமி அவன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

6. டீக்கடையில் கிரேக்கம்

ஆரணி பஜாரில் நின்று கிரேக்கம் சொல்லிக் கொடுத்த முதல் ஆள் நான்தான். இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஊருக்கு வந்த மறுநாள், கட்டுப் போட்ட கையோடு முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு நேராக அதே டீக்கடைக்குப் போனேன். டெர்மா, ஐடிஸ், போபோஸ், அல்கோஸ் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சீதாபதி எழுந்து நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் எல்லார் எதிரிலும் முனிரத்தினத்திடம், "தப்பா சொல்லிட்டேன்ப்பா. நாலு நாள் உன்ன கொன்னுட்டேன்" என்றார். அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

"உடுங்கண்ணே" என்றான் முனிரத்தினம். "நீங்க பேருதான சொன்னீங்க. பூட்டு வேற கடையில வாங்கினது."

எல்லாரும் சிரித்தார்கள். ஆறுமுகமும் சிரித்தான். ஆளாளுக்கு, எனக்கு அப்பவே சந்தேகம்தான் என்றார்கள். டீ சொன்னேன். எல்லாருக்கும் வந்தது. லட்சுமி கூட இல்லாததால் நான்தான் கிளாஸைப் பிடித்து அவனுக்குக் குடிக்கக் கொடுத்தேன். குடித்து முடித்து கிளாஸை வைத்தேன். டீக்கடைக்காரர் எங்கள் கிளாஸ்களை எல்லாம் ஒன்றாக அள்ளி வாளியில் முக்கினார். முனிரத்தினம் குடித்த கிளாஸை மட்டும் இரண்டு விரலால் எடுத்து, கொதிக்கிற பாய்லர் தண்ணீருக்குக் கீழே பிடித்தார். வேண்டுமென்று செய்யவில்லை. பேசிக்கொண்டே செய்தார். அவர் கைக்கே தெரியாது.

நான் பார்த்தேன். முனிரத்தினமும் பார்த்தான்.

அடுத்து முள்ளிப்பட்டு. அவன் மகள் கஸ்தூரியை அங்கே நெசவு செய்யும் நடேசன் மகனுக்குப் பேசி முடித்திருந்தது. கல்யாணத்தை நிறுத்துகிறோம் என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போனேன். நடேசன் எனக்குப் பழக்கம். என் பட்டறையில் சாயம் போட்ட பாவு நூலைத்தான் தறியில் ஏற்றுகிறவர். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அவுருக்கு நோவு இல்ல, ஒத்துக்கிறேன்" என்றார்.

"அப்பறம் இன்னா?"

"நாளைக்கு எம் பையனுக்கு புள்ள பொறக்கும். அத குளிப்பாட்டுவாங்க. எல்லாப் புள்ளையும் தண்ணி ஊத்துனா அழுவும். இது அழுதா மட்டும் எங்க வூட்டுப் பொம்பளைங்க ஒருத்திய ஒருத்தி பாத்துக்குவாங்க. அந்தப் பொண்ணு எத்தன வருசம் அந்தப் பார்வைய தாங்கும்? நான் அதுக்கு நல்லது செய்யிறேன்னு நெனச்சிக்கோங்க."

பெங்களூரில் சேட்டுகளிடம் பேசி விலையைக் குறைத்தவன் நான். பேங்க் மேனேஜரைப் பேசியே வழிக்குக் கொண்டுவந்தவன். நடேசனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. தமிழிலும் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை. அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

7. சேத்துப்பட்டில்

கை ஆறியது. பட்டறைக்கு வந்து உட்கார், கம்பைத் தொட வேண்டாம், நிறம் பார்த்துச் சொன்னால் போதும், சம்பளத்தில் குறைக்க மாட்டேன் என்றேன். ஒரு வாரம் வந்தான். காலையில் வாளி வந்ததும் எல்லார் கண்ணும் அவன் கைக்குப் போகும். உடனே வேறு பக்கம் திரும்பும். எட்டாம் நாள் வரவில்லை. குடும்பத்தோடு சேத்துப்பட்டுப் பக்கம் போய்விட்டான் என்று ஆறுமுகம் வந்து சொன்னான்.

அதற்குப் பிறகும் என் பட்டறையில் நல்ல சாயக்காரர்கள் வந்தார்கள். கையுறை வாங்கிப் போட்டேன். ஆரணியில் முதலில் போட்டது நான்தான். மற்றப் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு அவர்களும் வாங்கினார்கள். ஆனால் முனிரத்தினம் எடுத்த அரக்கு அவனோடு போய்விட்டது. வாடிக்கைக்காரர்கள் பழைய புடவையைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார்கள். அதற்குப் பக்கத்தில் வரும், அது வராது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வேலையாகச் சேத்துப்பட்டுக்குப் போனேன். ஒரு மணிலா மண்டியில் வேர்க்கடலை எடை போட்டுக்கொண்டிருந்தவர், "யோவ் கோபாலு" என்றார். எனக்கு ஆளை அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது. முகம் மாறவில்லை. கை மாறியிருந்தது. சாயக்காரன் நகக்கண் எந்த நாளும் ஏதாவது ஒரு நிறத்தில்தான் இருக்கும். அவன் நகமெல்லாம் வாத்தியார் நகம் போல வெள்ளையாக இருந்தது.

கஸ்தூரிக்குப் போளூரில் கல்யாணம் ஆகிவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆரணிப் பேச்சே தெரியாதாம். தெரியாமலே இருக்கட்டும் என்றான்.

"கை சுத்தமா ஆறிடுச்சேய்யா" என்றேன். "திரும்பி வாயேன்."

"இத்தினி வருசம் கழிச்சி எதுக்கு?"

"ஊர்ல எல்லாரும் மறந்துட்டாங்க."

முனிரத்தினம் தராசிலிருந்து ஒரு கை மணிலாவை அள்ளி எனக்குக் கொடுத்தான். "அவங்க மறந்திருப்பாங்க, கோபாலு. அந்த டாக்டரம்மா ஒரு வார்த்த சொன்னாங்களே, கூட்டமா ஓடுறதுன்னு. அத நீ டீக்கடையில சொன்னப்ப நான் ஒவ்வொரு மூஞ்சியா பாத்துகினு வந்தேன். என் மச்சான் மூஞ்சி, நான் வேல கத்துக்குடுத்தவன் மூஞ்சி. எல்லாம் ஓடுன மூஞ்சி. திரும்பி வந்தா தெனம் அதத்தான பாக்கணும்?"

பிறகு, "லட்சுமி வூட்ல இருக்குறா. சாப்ட்டுட்டு போ" என்றான். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இந்தத் தொழிலுக்கு இன்றைக்கு வருகிற பிள்ளைகள் படித்தவர்கள். வியாதிக்கும் மருந்துக்கும் பெயர் என்னைவிட நன்றாகத் தெரியும். பெயருக்கு அர்த்தம் தெரிந்துகொள்வது நல்லதுதான்; நானும் ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டவன். ஆனால் அந்தக் காலையில் பட்டறையில் நாங்கள் பதினைந்து பேர் நின்றோம். முனிரத்தினம் குதித்ததைப் பார்த்தோம், அவன் முகத்தைப் பார்த்தோம். துண்டை விலக்கிக் கையைப் பார்க்க ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. வேலூர் போய் ஒரு டாக்டர் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் தொட்டியில் வேலை செய்கிற ஒருவர் தண்ணீரைப் பார்த்துப் பின்னால் போனால், ஏன் பயப்படுகிறாய் என்று கேட்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.